செடியின் சொந்த ஆயுதம் ஸ்ப்ரேயாக வருகிறது: 'குட்டி ஆர்.என்.ஏ' பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்விகள் என்ன?

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023 டிசம்பரில் ஒரு புதிய பூச்சிமருந்துக்கு அனுமதி கொடுத்தது. பெயர் லெட்ப்ரோனா. உருளைக்கிழங்குச் செடியின் மேல் தெளிக்க வேண்டியது. வழக்கமான மருந்து மாதிரி பூச்சியின் நரம்பைத் தாக்குகிற நஞ்சு இது கிடையாது. பூச்சியின் உடம்பில் குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் வாயடைக்க வைக்கும் ஆர்.என்.ஏ துண்டு. வயலில் தெளிப்பதற்காக உலகிலேயே முதலில் அனுமதி பெற்ற ஆர்.என்.ஏ பூச்சிமருந்து இதுதான்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மைக்ரோ ஆர்.என்.ஏ-வைக் கண்டுபிடித்ததற்காக அமெரிக்க விஞ்ஞானிகள் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவரும் அதைப் பெற்றார்கள்.

உருளைக்கிழங்கு மருந்துக்கும் நோபல் பரிசுக்கும் என்ன தொடர்பு? இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான். 20 முதல் 24 எழுத்து நீளமே உள்ள குட்டி ஆர்.என்.ஏ-க்கள். எந்த மரபணு எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. செடிகள் இவற்றை வைத்துத்தான் பருவம் பார்க்கின்றன, வைரஸோடு சண்டை போடுகின்றன. இப்போது அதே ஆயுதம் பாட்டிலில் அடைத்து விற்பனைக்கு வருகிறது.

இன்றைக்கு அமெரிக்க உருளைக்கிழங்கு வயலில் இருப்பது நாளைக்கு நம் உரக்கடை அலமாரிக்கு வரலாம். அப்படி வரும்போது அது எந்தச் சட்டத்தின் கீழ் வரும்? நம் பூச்சிகளுக்கு வேலை செய்யுமா? சாப்பிடுகிறவர்களுக்குப் பாதுகாப்பானதா? 'மரபணு' என்ற சொல்லைக் கேட்டதும் ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்பதற்கு முன்னால், விஷயம் என்னவென்று பார்த்துவிடுவோம்.

குட்டி ஆர்.என்.ஏ என்றால் என்ன?

சார்பதிவாளர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூலப் பதிவேடு அங்கேயே பத்திரமாக இருக்கும். யாரும் வெளியே எடுத்துப் போக முடியாது. தேவையான பக்கத்துக்கு மட்டும் நகல் எடுத்துத் தருவார்கள். அந்த நகலை வைத்துத்தான் வெளியே காரியம் நடக்கும்.

செல்லுக்குள்ளும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். டி.என்.ஏ என்பது மூலப் பதிவேடு. தேவைப்படும் மரபணுவுக்கு ஒரு நகல் எடுக்கப்படும். அதன் பெயர் தூது ஆர்.என்.ஏ. அந்த நகலைப் படித்துத்தான் செல் புரதத்தைத் தயாரிக்கிறது. இலையின் பச்சையம், பூவின் நிறம், தண்டின் உறுதி எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தப் புரதங்கள்தான் வேலை செய்கின்றன.

குட்டி ஆர்.என்.ஏ கைவைப்பது இந்த நகலில். அதன் கையில் சுமார் 21 எழுத்துள்ள ஒரே ஒரு வரி இருக்கும். 'இந்த வரிக்குப் பொருந்துகிற நகல் எங்கே கிடைத்தாலும் கிழித்துப் போடு' என்பதுதான் அதன் உத்தரவு. மூலப் பதிவேடு அப்படியே இருக்கும், நகல் போய்விடும். நகல் இல்லாததால் புரதமும் வராது. மரபணு இருந்தும் இல்லாத மாதிரிதான். விஞ்ஞானிகள் இதை மரபணு மௌனம் என்றும், ஆர்.என்.ஏ குறுக்கீடு என்றும் சொல்கிறார்கள்.

இந்த வேலையில் இரண்டு புரதங்கள் முக்கியம். டைசர் என்பது கத்தி. நீளமான ஈரிழை ஆர்.என்.ஏ-வைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கிப் போடும். ஆர்கனாட் என்பது காவலாளி. நறுக்கிய துண்டில் ஓர் இழையைக் கையில் வைத்துக்கொண்டு, செல்லுக்குள் வருகிற போகிற நகல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எழுத்து பொருந்தினால் வெட்டிவிடும். அவ்வளவுதான்.

குட்டி ஆர்.என்.ஏ-க்களில் இரண்டு பெரிய வகை உண்டு. மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது செடியின் சொந்த மரபணுவிலிருந்தே வருவது. வீட்டு நிர்வாகம் அதன் வேலை. இன்னொரு வகை, உள்ளே நுழையும் வைரஸ் போன்றவற்றின் ஆர்.என்.ஏ-வை நறுக்கிக் கிடைப்பது. வெளியாளைப் பிடிப்பது அதன் வேலை.

செடிக்கு இதனால் என்ன பயன்?

கொட்டை போட்டு முளைத்த மாங்கன்று பூப்பதற்குப் பல வருஷம் எடுக்கும். ஒட்டு மாங்கன்று சீக்கிரமே பூத்துவிடும். காரணம், ஒட்டுக்குச்சி ஏற்கெனவே வயதுக்கு வந்த மரத்திலிருந்து எடுத்தது. செடிக்கு வயது என்று ஒன்று இருக்கிறது, அதை அது எங்கேயோ குறித்து வைத்துக்கொள்கிறது என்பது ஒட்டுக்கட்டுகிறவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்த சங்கதி.

அந்தக் கணக்கை வைத்திருப்பவற்றில் முக்கியமானது மைக்ரோ ஆர்.என்.ஏ 156. இளஞ்செடியில் இது நிறைய இருக்கும். பூப்பதற்கு வழிவிடும் மரபணுக்களை அடக்கி வைத்திருக்கும். வயது ஏற ஏற இதன் அளவு குறையும். பிடி தளரும்போது செடி பருவத்துக்கு வரும். அரபிடாப்சிஸ் என்ற சின்ன ஆராய்ச்சிச் செடியிலும் பார்த்திருக்கிறார்கள், யூகலிப்டஸ் மாதிரி மரங்களிலும் பார்த்திருக்கிறார்கள்.

நெல்லிலும் இதன் கைவரிசை உண்டு. 2010-ல் சீனாவிலும் ஜப்பானிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன. மைக்ரோ ஆர்.என்.ஏ 156 வந்து பிடிக்கும் இடத்தில் ஒரு நெல் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால், பிடி நழுவிவிடுகிறது. விளைவு, கதிர் விடாத வீண் தூர்கள் குறைந்து, தண்டு தடித்து, ஒரு கதிரில் மணிகள் கூடுகின்றன. ஓர் எழுத்துக்கு இவ்வளவு மதிப்பு.

இன்னொரு உதாரணம் மணிச்சத்து. மண்ணில் அது குறையும்போது மேலே உள்ள தழைப்பகுதி மைக்ரோ ஆர்.என்.ஏ 399-ஐத் தயாரித்து, சாறு போகும் குழாய் வழியே வேருக்கு அனுப்புகிறது. வேரில், மணிச்சத்து உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்தும் மரபணுவை அது அடக்குகிறது. வேர் அதிகமாக உறிஞ்சத் தொடங்குகிறது. மேலேயிருந்து கீழே போகும் ஒரு கடுதாசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடயம் கிடைத்தது செடியில்தான்

1928-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் புகையிலைச் செடிகளில் ஒரு விநோதம் பதிவானது. வளையப்புள்ளி வைரஸ் தாக்கிய செடியின் கீழ் இலைகள் புள்ளி புள்ளியாகக் கெட்டுப்போயிருந்தன. பிறகு துளிர்த்த மேல் இலைகளோ நோய் அறிகுறியே இல்லாமல் தளதளவென்று வந்தன. செடி எப்படியோ பாடம் கற்றுக்கொண்டது. எப்படி என்று அப்போது யாருக்கும் புரியவில்லை.

1990-ல் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் ஜோர்கென்சனும் சகாக்களும் பெட்டூனியா பூவின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க நினைத்தார்கள். நிறத்துக்கான மரபணுவைக் கூடுதலாக ஒன்று வைத்தார்கள். பூ வெள்ளையாகவும் வெள்ளைக் கோடு விழுந்தும் பூத்தது. கூடுதலாக வைத்த மரபணு தானும் அடங்கி, செடியில் ஏற்கெனவே இருந்ததையும் சேர்த்து அடக்கிவிட்டது.

1998-ல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரேக் மெல்லோவும் ஒரு நுண்புழுவில் இதற்கான காரணத்தைக் காட்டினார்கள். ஈரிழை ஆர்.என்.ஏ உள்ளே போனால் அதற்குப் பொருந்தும் மரபணு மௌனமாகிறது. இதற்கு 2006-ல் நோபல் கிடைத்தது. 1999-ல் பிரிட்டனின் நார்விச் நகரில் ஆண்ட்ரூ ஹாமில்டனும் டேவிட் பால்கம்பும், இந்த மௌனத்துக்குப் பின்னால் இருக்கும் குட்டி ஆர்.என்.ஏ-க்களை முதன்முதலில் கண்ணுக்குக் காட்டினார்கள். அவர்கள் பார்த்தது செடியில்.

ஆம்ப்ரோஸ், ரவ்கன், பால்கம்ப் மூவருக்கும் சேர்த்து 2008-ல் மருத்துவ உலகின் பெரிய விருதான லாஸ்கர் விருது கொடுத்தார்கள். 2024 நோபல் பட்டியலில் முதல் இரண்டு பெயர்தான் இருந்தது. செடி விஞ்ஞானிக்கு இடமில்லை. இத்தனைக்கும், எல்லா மருந்து ஆராய்ச்சியிலும் அடிபடும் 'ஆர்கனாட்' என்ற பெயரே ஓர் அரபிடாப்சிஸ் செடியிலிருந்து வந்ததுதான். அதன் இலை வடிவம் ஆர்கனாட் என்ற ஒருவகைக் கடல் உயிரினத்தை நினைவூட்டியதால் அந்தப் பெயர் வைத்தார்கள்.

யாருக்கு விருது என்பது விவசாயிக்கு முக்கியமில்லை என்று தோன்றலாம். ஆனால் வேகம் எந்தப் பக்கம் இருந்தது என்று பாருங்கள். இந்த வழியில் வேலை செய்யும் முதல் மனித மருந்து 2018-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வயலுக்கான முதல் ஸ்ப்ரே அதற்கு 5 வருஷம் கழித்துத்தான் வந்தது.

உளுந்தில் மதுரை காட்டிய வழி

தமிழ்நாட்டில் உளுந்து போடுகிறவர்களுக்கு மஞ்சள் தேமல் நோயைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இலை மஞ்சளாகத் திட்டுத்திட்டாக மாறும். பிறகு முழுதும் மஞ்சளாகும். காய் பிடிப்பது குறையும். வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோவது வெள்ளை ஈ. வைரஸுக்கு நேரடி மருந்து கிடையாது என்பதால், ஈயைக் கொல்லப் பூச்சிமருந்து அடிக்க வேண்டியிருக்கிறது.

இந்த நோயில் குட்டி ஆர்.என்.ஏ-வைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2003-லேயே 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கே. வேலுதம்பி, பி.வி. ஷிவப்பிரசாத் ஆகியோரும், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த மிகைல் பூகின், தாமஸ் ஹோன் ஆகியோரும் சேர்ந்து செய்தது. வைரஸ் தொற்றிய உளுந்துச் செடிகளுக்குள், அந்த வைரஸின் ஒரு பகுதிக்குப் பொருந்தும் ஈரிழை ஆர்.என்.ஏ-வைத் தயாரிக்கும் டி.என்.ஏ-வைச் செலுத்தினார்கள். செடிகள் நோயிலிருந்து மீண்டன.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. செடி வைரஸ்கள் பலவற்றின் மூலப் பதிவேடே ஆர்.என்.ஏ-தான். அவற்றை வெட்டுவது எளிது. மஞ்சள் தேமல் வைரஸ் டி.என்.ஏ வகையைச் சேர்ந்தது. செல்லின் உட்கருவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கேயும் குட்டி ஆர்.என்.ஏ எட்டிப்பிடிக்கும் என்று அந்த ஆய்வு காட்டியது. செடிகளில் குட்டி ஆர்.என்.ஏ-வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. டி.என்.ஏ-வின் எழுத்தை மாற்றாமல், அதன் மேல் 'இதைப் படிக்காதே' என்று ஒரு வேதியியல் முத்திரை குத்தச் செய்யும்.

வைரஸும் சும்மா இருக்காது. செடியின் இந்தக் கத்தியை மழுங்கடிக்கத் தனிப் புரதங்களை வைத்திருக்கிறது. இது இரண்டு பக்கமும் ஆயுதம் வைத்திருக்கும் பழைய சண்டை. செடிக்கு முன்கூட்டியே சரியான குட்டி ஆர்.என்.ஏ-வைக் கொடுத்துவிட்டால், சண்டை தொடங்கும் முன்பே செடியின் கை ஓங்கும்.

மதுரை ஆய்வு வந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதன் அடிப்படையில் ஓர் உளுந்து ரகமோ, தெளிப்பு மருந்தோ விவசாயி கைக்கு வரவில்லை. இன்று நம் வயலில் நோயைத் தாங்கி நிற்பவை, வம்பன் பயறுவகை ஆராய்ச்சி மையம் வழக்கமான இனப்பெருக்க முறையில் உருவாக்கிய வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 போன்ற ரகங்கள்தான். அவை நல்ல ரகங்கள். ஆனால் ஆய்வகத்தில் தெரிந்ததற்கும் வயலில் கிடைப்பதற்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வெளிநாடுகளில் என்னவெல்லாம் வந்திருக்கின்றன?

முதல் வழி விதை. 1998-ல் ஹவாய் தீவுகளில் வளையப்புள்ளி வைரஸால் அழிந்துகொண்டிருந்த பப்பாளிக்கு, வைரஸின் ஒரு மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய 'ரெயின்போ' ரக விதை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. அது வேலை செய்வதற்குக் காரணம் ஆர்.என்.ஏ மௌனம்தான் என்பது பின்னால் தெளிவானது. பிரேசிலில் அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராப்பா உருவாக்கிய, தங்கத் தேமல் வைரஸைத் தாங்கும் பீன்ஸ் 2011-ல் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் வெட்டினால் கறுக்காத உருளைக்கிழங்கு, ஆப்பிள் எல்லாம் இதே வழிதான். 2017-ல் மக்காச்சோள வேர்ப்புழுவின் மரபணுவை அடக்கும் சோளத்துக்கு அனுமதி கிடைத்தது.

இந்தியாவிலும் முயற்சி நடந்தது. டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபணுத் தொகுதி ஆராய்ச்சி நிறுவனத்தில் அசிஸ் தத்தா குழுவினர், பழத்தை மென்மையாக்கும் இரண்டு நொதிகளை அடக்கி, சுமார் 30 நாள் கூடுதலாகத் தாங்கும் தக்காளியை 2010-ல் காட்டினார்கள். அது சந்தைக்கு வரவில்லை.

மேலே சொன்ன எல்லாமே மரபணு மாற்றப் பயிர்கள். நம் நாட்டில் வணிகரீதியாகப் பயிராகும் ஒரே மரபணு மாற்றப் பயிர் பருத்திதான். பி.டி. கத்தரிக்கு 2010-ல் போட்ட தடை நீடிக்கிறது. 2022-ல் அனுமதி பெற்ற கடுகு விவகாரத்தில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள்.

இரண்டாவது வழி தெளிப்பு. இதில் விதையைத் தொடுவதே இல்லை. ஈரிழை ஆர்.என்.ஏ-வைத் தனியாகத் தயாரித்து இலை மேல் தெளிக்கிறார்கள். பூச்சி இலையைத் தின்னும்போது அதுவும் உள்ளே போகிறது. பூச்சியின் சொந்த டைசரே அதை நறுக்கி, பூச்சியின் சொந்த மரபணுவை அடக்கிவிடுகிறது. லெட்ப்ரோனா அடக்குவது, செல்லில் சேரும் பழைய புரதக் கழிவை அகற்றும் இயந்திரத்தின் ஒரு பாகத்தை. கழிவு தேங்கி, வண்டு சாப்பிடுவதை நிறுத்திச் சாகிறது.

விதையை மாற்றாததால், மரபணு மாற்றப் பயிர் சண்டைக்குள் சிக்காமல் இந்த வழி நுழைந்துவிடும். நாம் இப்போதே யோசிக்க வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

நம்ம ஊர்ப் பூச்சிக்கு வேலை செய்யுமா?

லெட்ப்ரோனா கொல்வது கொலராடோ உருளைக்கிழங்கு வண்டை. அந்த வண்டு இந்தியாவில் கிடையாது. அதனால் அந்தப் பாட்டில் அப்படியே இங்கே வந்து பிரயோஜனமில்லை. ஒவ்வொரு பூச்சிக்கும் தனித்தனியாக எழுத்து கோர்க்க வேண்டும். இந்தத் தொழில்நுட்பத்தின் பலமும் அதுதான், செலவும் அதுதான்.

எல்லாப் பூச்சியும் ஒரே மாதிரி மசியாது. வண்டினங்களில் இது நன்றாக வேலை செய்கிறது. தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் வண்டினம்தான் என்பதால், நமக்கு அதில் ஆர்வம் இருக்கலாம். அந்துப்பூச்சிப் புழுக்களின் கதை வேறு. அவற்றின் குடலில் உள்ள நொதிகள் ஈரிழை ஆர்.என்.ஏ-வை வேகமாகச் சிதைத்துவிடும். பருத்தியின் காய்ப்புழு, மக்காச்சோளத்தின் படைப்புழு எல்லாம் இந்த வகை. 'படைப்புழுவுக்கு ஆர்.என்.ஏ மருந்து' என்று யாராவது சொன்னால் ஒன்றுக்கு இரண்டு தடவை ஆதாரம் கேட்க வேண்டும்.

வெயிலும் மழையும் இன்னொரு சிக்கல். வெறும் ஆர்.என்.ஏ இலையில் சில நாள்தான் தாங்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் நீனா மிட்டர் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மிக நுண்ணிய களிமண் தகடுகளில் ஆர்.என்.ஏ-வை ஏற்றித் தெளித்தார்கள். ஒரு தெளிப்பில் குறைந்தது 20 நாள் வைரஸிலிருந்து பாதுகாப்பு கிடைத்ததாக 2017-ல் அறிவித்தார்கள். இதே முறையை வெள்ளை ஈக்கு எதிராகவும் சோதித்து 2022-ல் முடிவு வெளியிட்டார்கள். உளுந்து, வெண்டை, தக்காளி பயிரிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஆய்வு இது.

சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்தா?

நாம் சாப்பிடும் சோறு, கீரை, மீன் எல்லாவற்றிலும் குட்டி ஆர்.என்.ஏ இருக்கிறது. வயிற்று அமிலமும் நொதிகளும் அதைச் சிதைத்துவிடுகின்றன.

2012-ல் அச்சில் வந்த ஒரு சீன ஆய்வு இதில் பெரிய சலசலப்பைக் கிளப்பியது. அரிசியின் மைக்ரோ ஆர்.என்.ஏ ஒன்று மனித ரத்தத்தில் இருப்பதாகவும், எலிகளில் கொலஸ்ட்ராலைக் கையாளும் ஒரு மரபணுவை அடக்குவதாகவும் நாஞ்சிங் பல்கலைக்கழகக் குழு சொன்னது. சோறு சாப்பிடும் நாடுகளுக்கெல்லாம் கவலை தரும் சேதி. ஆனால் அடுத்த வருஷமே வேறு குழுக்கள் செய்து பார்த்த சோதனைகளில் அது நிற்கவில்லை. உணவு வழியாக உடம்பில் சேரும் அளவு மிகமிகக் குறைவு என்றே அவை காட்டின.

அதற்காகக் கேள்வியே வேண்டாம் என்று அர்த்தமில்லை. களிமண் தகடு போல ஆர்.என்.ஏ-வைச் சிதையாமல் காக்கும் பொருளோடு சேர்த்து விற்கும்போது, 'சாதா ஆர்.என்.ஏ சிதைந்துவிடும்' என்ற பழைய பதில் போதாது. விற்கிற வடிவத்திலேயே சோதித்துக் காட்ட வேண்டும்.

வயலில் உள்ள மற்ற உயிர்களின் கணக்கும் முக்கியம். 21 எழுத்து தற்செயலாகப் பொருந்திவிட்டால் நன்மை செய்யும் பூச்சியும் பாதிக்கப்படலாம். பொறிவண்டும் வண்டினம்தான். வண்டுக்குத் தயாரிக்கும் மருந்தை அசுவினியைத் தின்னும் பொறிவண்டில் சோதிக்காமல் விட முடியாது. அந்தச் சோதனையை அமெரிக்காவின் பொறிவண்டில் செய்தால் போதுமா, இங்குள்ள இனங்களில் செய்ய வேண்டாமா என்பதும் நியாயமான கேள்வி.

பூச்சி பழகிக்கொள்ளாதா?

பழகிக்கொள்ளும். ஆய்வகத்தில் ஏற்கெனவே பழகிக் காட்டிவிட்டது. மக்காச்சோள வேர்ப்புழுவில் எதிர்ப்புத்திறன் வளர்ந்ததை 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. கொலராடோ வண்டை 9 முறை தொடர்ந்து ஈரிழை ஆர்.என்.ஏ-வுக்கு உட்படுத்தியபோது, அதன் தாங்குதிறன் 11,000 மடங்குக்கு மேல் கூடியதாக 2021-ல் வந்த ஆய்வு சொல்கிறது.

இதில் கவலைப்பட வேண்டியது எதிர்ப்பு வரும் விதம். வேர்ப்புழு எழுத்தை மாற்றித் தப்பிக்கவில்லை. ஈரிழை ஆர்.என்.ஏ-வைக் குடலில் உறிஞ்சுவதையே நிறுத்திக்கொண்டது. கதவையே அடைத்துவிட்டால் வேறு எழுத்து கோர்த்துக் கொடுத்தாலும் உள்ளே போகாது. 'ஒன்று பழகிவிட்டால் இன்னொன்றை மாற்றிக்கொள்ளலாம்' என்று விற்பனைக்காரர்கள் சொல்வது அவ்வளவு எளிதாக நடக்காது.

பி.டி. பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடமும் இதுதான். நல்ல ஆயுதத்தையும் ஒரே ஆயுதமாகப் பிடித்துக்கொண்டால் சில வருஷத்தில் மொட்டையாகிவிடும்.

எந்தக் கதவு வழியாக உள்ளே வரும்?

இந்தியாவில் பூச்சிமருந்துகளுக்கு 1968 பூச்சிக்கொல்லிச் சட்டம் இருக்கிறது. மரபணு மாற்ற உயிர்களுக்கு, 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள் இருக்கின்றன. 2022 மார்ச்சில், வெளி மரபணு சேர்க்காமல் எடிட் செய்த பயிர்களுக்கு இந்த விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்கு கொடுத்தது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இரண்டு எடிட் நெல் ரகங்கள் வந்த கதவு அதுதான்.

ஆர்.என்.ஏ தெளிப்பு இதில் எங்கே பொருந்தும்? செடியின் மரபணு மாறவில்லை. ஆகவே மரபணு மாற்றப் பயிர் இல்லை. எடிட் செய்த பயிரும் இல்லை. பூச்சியைக் கொல்வதற்கு என்றால் பூச்சிமருந்து. வைரஸைத் தடுப்பதற்கு என்றால்? பூக்கும் காலத்தை மாற்றுவதற்கு என்றால்? அந்த ஆர்.என்.ஏ-வை மரபணு மாற்றிய பாக்டீரியாவில் தயாரித்திருந்தால்? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மேஜை. நியூசிலாந்து 2018-லேயே, இப்படிப்பட்ட தெளிப்பு மரபணு மாற்ற உயிரியை உருவாக்குவதாகாது என்று முடிவெடுத்தது. அதை விமர்சித்த விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். முன்பு சொன்ன வேதியியல் முத்திரை சில சமயம் அடுத்த தலைமுறைக்கும் போகும் என்பதால், விவாதம் தேவையற்றது என்று சொல்லிவிட முடியாது.

விதி எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளியே தேட வேண்டாம். 'பயோ ஸ்டிமுலன்ட்' என்ற பெயரில் பயிர் ஊக்கிகள் பல வருஷம் ஒழுங்குமுறையே இல்லாமல் விற்கப்பட்டன. 2021-ல்தான் அவை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டன. எது சரக்கு, எது வெறும் தண்ணீர் என்று தெரியாமல் நடுவில் பணம் கொடுத்தவர் விவசாயி.

அரசிடமும் கடைக்காரரிடமும் என்ன கேட்க வேண்டும்?

முதலில் அரசிடம். ஆர்.என்.ஏ தெளிப்புகளை யார் பரிசோதிப்பது, என்ன ஆவணம் கேட்பது என்பதைப் பொருள் கடைக்கு வருவதற்கு முன்பே எழுதி வெளியிடுங்கள். கோர்த்த எழுத்து வரிசை பொதுவெளியில் இருக்கட்டும். அப்போதுதான் எந்த நன்மைப் பூச்சியோடு பொருந்துகிறது என்று பல்கலைக்கழகங்கள் தாங்களே சரிபார்க்க முடியும். அமெரிக்காவும் லெட்ப்ரோனாவுக்கு 3 வருஷத்துக்குத்தான் அனுமதி கொடுத்தது. நாமும் காலவரையறை வைக்கலாம்.

அடுத்து, ஆராய்ச்சிக்கு. மஞ்சள் தேமல், தென்னை வண்டு போன்றவை வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பெரிய சந்தையாகத் தெரியாது. உளுந்துக்கான மருந்தைச் செய்ய யாரும் கடல் தாண்டி வரப்போவதில்லை. பிரேசில் தன் பீன்ஸுக்கு அரசு நிறுவனத்தை வைத்தே செய்துகொண்டது. 2003-லேயே வழி காட்டிய நாட்டுக்கு அதே வேலை முடியாத காரியமில்லை. பணமும் தொடர்ச்சியும்தான் வேண்டும்.

விவசாயிகளுக்கு ஒன்று. 'புது ஆர்.என்.ஏ டெக்னாலஜி, ஒரு தடவை அடித்தால் போதும்' என்று யாராவது பாட்டிலை நீட்டினால், எந்தப் பூச்சிக்கு, எத்தனை நாள் தாங்கும், லேபிளில் பதிவு எண் எங்கே என்று மூன்று கேள்வி கேளுங்கள். 'எல்லாப் பூச்சிக்கும்' என்று பதில் வந்தால் பணத்தை எடுக்காதீர்கள். இந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படையே ஒரு துண்டுக்கு ஒரு குறி என்பதுதான். எல்லாவற்றையும் கொல்கிறது என்றால், பாட்டிலுக்குள் இருப்பது வேறு ஏதோ.